கிளஸ்டரில் கோப்புகளை வைப்பதும் அனுப்புவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல துறைகள் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு கிளஸ்டரில் பயனர்களுக்கு உதவும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். "ஜாப் ஓடமாட்டேங்குது சார்" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி, தோண்டிப் பார்த்தால் கோப்பு விவகாரமாகத்தான் முடியும். நூற்றுக்கணக்கான கணினிகளை இணைத்து, எல்லோரும் தங்கள் கணக்கீடுகளை ஜாப் என்ற பெயரில் வரிசை போட்டு ஓட்டுகிற இப்படிப்பட்ட அமைப்புகள் நம் பக்கத்திலும் பெருகிவிட்டன. திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட, 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்ட பரம் பொருள் அப்படி ஒன்று. ஒவ்வொரு மையத்துக்கும் விதிகள் கொஞ்சம் மாறும். கீழே சொல்வது பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். எண்களை மட்டும் உங்கள் மையத்தின் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோம், ஸ்கிராட்ச், புராஜெக்ட் என்று மூன்று இடம் இருக்கிறதே, எதில் எதை வைப்பது?

ஹோமில் நிரல், ஜாப் ஸ்கிரிப்ட், அமைப்புக் கோப்புகள். அவ்வளவுதான். இடம் குறைவாக இருக்கும், வேகமும் சுமார்தான், ஆனால் பல மையங்களில் பேக்கப் இருக்கும் ஒரே இடம் அது. ஸ்கிராட்ச் பெரியது, வேகமானது. ஜாப் ஓடும்போது படிப்பதும் எழுதுவதும் அங்கேதான் நடக்க வேண்டும். பேக்கப் கிடையாது, கொஞ்ச நாள் தொடாமல் இருந்தால் தானாக அழிந்துவிடும். புராஜெக்ட் என்பது ஒரு ஆய்வுக் குழு பொதுவாக வைத்துக்கொள்ளும் இடம்: எல்லோருக்கும் வேண்டிய மூலத் தரவு, முடிந்த முடிவுகள்.

நான்காவது ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு கம்ப்யூட் நோடிலும், அதாவது ஜாப் ஓடும் ஒவ்வொரு கணினியிலும், அதற்கே சொந்தமான உள்ளூர் டிஸ்க் இருக்கலாம். ஜாப் ஓடும்வரைதான் அதில் இருப்பது இருக்கும், முடிந்ததும் துடைத்துவிடுவார்கள். ஜாப்பின் இடையில் உருவாகும் தற்காலிகக் கோப்புகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஏன் என்பது கீழே சின்னக் கோப்புகள் பற்றிய கேள்வியில் வருகிறது.

ஸ்கிராட்சில் வைத்திருந்த மூன்று மாத ரிசல்ட்டைக் காணோம். மீட்டுத் தர முடியுமா?

முடியாது. இந்தப் பதிலைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். ஆனாலும் முடியாது.

ஸ்கிராட்சைத் துடைக்காமல் விட்டால் சில மாதங்களில் நிரம்பிவிடும், அப்புறம் யாருடைய ஜாப்பும் ஓடாது. அதனால் பழைய கோப்புகளை அவ்வப்போது அழிப்பது உலகம் முழுக்க வழக்கம். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள தேசியக் கணிப்பு மையத்தில், பெர்ல்மட்டர் கணினியின் ஸ்கிராட்சில் எட்டு வாரத்துக்கு மேல் யாரும் தொடாத கோப்புகளுக்கு இந்தக் கதிதான். அந்த ஸ்கிராட்ச் 35 பெட்டாபைட் அளவு கொண்டது. அவ்வளவு இருந்தும் போதவில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில மையங்கள் கோப்பைக் கடைசியாகப் படித்த தேதியைப் பார்க்கும், சில கடைசியாக மாற்றிய தேதியைப் பார்க்கும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை 'ஏ' விருப்பத்தோடு ஓட்டினாலும், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் கட்டைப் பிரித்தாலும், கோப்பின் பழைய மாற்றத் தேதி அப்படியே வந்துசேரும். 2019-இல் எடுத்த தரவை இன்று காலை ஸ்கிராட்சுக்குக் கொண்டுவருகிறீர்கள். அதன் தேதி 2019 என்றே இருக்கும். மாற்றிய தேதியைப் பார்க்கும் மையமாக இருந்தால், இன்று ராத்திரித் துடைப்பிலேயே அது போய்விடலாம். இப்படி நேற்று ஏற்றியது இன்று காணாமல் போன ஒருவர் என்னிடம் வந்து, யாரோ வேண்டுமென்றே அழித்துவிட்டார்கள் என்று சண்டைக்கே நின்றார். டாரில் பிரிக்கும்போது 'எம்' சேர்த்தால் இன்றைய தேதி விழும்.

வாராவாரம் டச் கட்டளை போட்டுத் தேதியைப் புதுப்பித்தால் தப்பிக்கலாம்தானே?

தப்பிக்கலாம், பிடிபடும்வரை. பல மையங்களில் இது விதிமீறல் என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். ஐந்து லட்சம் கோப்புக்கு ஒரே நிமிடத்தில் தேதி மாறியிருந்தால் எங்கள் கண்ணில் படாமல் இருக்காது. இடம் உண்மையாகவே தேவை என்றால் ஒரு மெயில் போடுங்கள். கால நீட்டிப்புக் கேட்டு யாரும் கெட்டுப்போனதில்லை.

பேக்கப் உள்ள இடத்தில் வைத்தால் பத்திரம்தானே?

ஓரளவுக்கு. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். அவர்களுடைய சூப்பர் கணினியில், லஸ்டர் என்ற பெரிய பகிர்வுச் சேமிப்பு அமைப்பிலிருந்து 14-ஆம் தேதி முதல் 16-ஆம் தேதிக்குள் சுமார் 77 டெராபைட் அழிந்தது: 3.4 கோடி கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களுடையவை. அதில் நான்கு குழுக்களுடையதைத் திரும்பக் கொண்டுவரவே முடியவில்லை.

அழித்தது எது என்கிறீர்கள்? பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட். பத்து நாளுக்கு மேற்பட்ட லாக் கோப்புகளை மட்டும் தேடி அழிப்பது அதன் ஒரு பகுதி. கணினியைத் தந்த நிறுவனத்தார் அந்த ஸ்கிரிப்டைத் திருத்தி எழுதி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதை வைத்துவிட்டார்கள். ஸ்கிரிப்டுகளை ஓட்டும் நிரலான பாஷ், ஒரு ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை. ஓட்டிக்கொண்டே அடுத்த வரியைப் படிக்கும். முதல் பாதி பழையது, மறுபாதி புதியது என்று ஆகி, மதிப்பே வைக்கப்படாத மாறியோடு அழிக்கும் கட்டளை ஓடியது. லாக் ஃபோல்டருக்குப் பதில் பயனர்களின் கோப்புகள் போயின. நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. தரவுக்கு அதனால் என்ன பயன்?

அதனால் திரும்ப எடுக்கவே முடியாத தரவு என்றால், அதாவது களத்தில் அளந்தது, ஆய்வகக் கருவியில் எடுத்தது மாதிரியானவை, கிளஸ்டருக்கு வெளியே இன்னொரு பிரதி இருக்கட்டும். மறுபடி கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்பதற்கு அந்தக் கவலை வேண்டாம். நிரலும் உள்ளீடும் பத்திரமாக இருந்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்பின் ஸ்கிரிப்டைத் திறந்து திருத்தாதீர்கள் என்பது இங்கேயே கிடைக்கும் இன்னொரு பாடம். நமக்கும் அதே பாஷ்தான்.

இடம் நிறைய பாக்கி இருக்கிறது, ஆனாலும் கோட்டா தாண்டிவிட்டது என்கிறதே?

கோட்டா இரண்டு வகை. ஒன்று அளவு, எத்தனை கிகாபைட் என்று. இன்னொன்று எண்ணிக்கை, எத்தனை கோப்பு என்று. ஐநோட் கோட்டா என்பார்கள். காலிக் கோப்புக்கும் ஒரு ஐநோட், பத்து டெராபைட் கோப்புக்கும் ஒரு ஐநோட். நீங்கள் தாண்டியது இரண்டாவது.

பெரும்பாலும் ஆள், மென்பொருள் தொகுப்புகளை நிறுவித்தரும் கோண்டாதான். பைத்தானுக்காக ஒரு கோண்டா சூழல் போட்டால் பல்லாயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள் வந்து குவியும். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒன்று, "சரியாக வரவில்லை, இன்னொன்று போட்டுப் பார்ப்போம்" என்று இரண்டு, பழையதை அழிக்காமல் விட்டது மூன்று. அப்புறம் ஹோமில் புள்ளி வைத்துத் தொடங்கும் மறைந்த கேஷ் ஃபோல்டரில், பைத்தானின் இன்னொரு நிறுவியான பிப் சேர்த்துவைத்திருப்பது வேறு. முதலில் கோண்டாவின் கிளீன் கட்டளையை ஓட்டுங்கள், கேஷைக் காலி செய்யுங்கள், பயன்படுத்தாத சூழல்களை நீக்குங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் சூழலை, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடைத்துவைக்கும் அப்டெய்னர் கன்டெய்னராகக் கட்டிவிடுங்கள். முன்பு சிங்குலாரிட்டி என்று பெயர், 2021-இல் மாறியது. ஒரு லட்சம் கோப்பு உள்ளே இருந்தாலும் வெளியே ஒரே கோப்பு. ஜாப் தொடங்கும் வேகமும் கூடும்.

சின்னக் கோப்புகள் என்றாலே திட்டுகிறீர்களே, மொத்தமே 20 ஜிபிதானே?

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூட்டை தூக்கிக் கொடுக்க இருபது பேர் இருக்கிறார்கள். பில் போடுவது மட்டும் ஒருவர். ஒருவர் வந்து ஒரே பில்லில் நூறு மூட்டை கேட்டால் இருபது பேரும் ஓடி ஓடி இறக்கிவிடுவார்கள். நூறு பேர் வந்து ஆளுக்கு நூறு கிராம் சர்க்கரைக்குத் தனித்தனி பில் கேட்டால், தூக்குகிறவர்கள் சும்மா நிற்பார்கள், பில் மேசையில் வரிசை தெரு வரைக்கும் போகும்.

லஸ்டர் இப்படித்தான் அமைந்திருக்கிறது. கோப்பின் பெயர், உரிமை, எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் மெட்டாடேட்டா சர்வரில். உள்ளே இருக்கும் தரவு பல ஸ்டோரேஜ் சர்வர்களில் பரவிக் கிடக்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-இல் பீட்டர் பிராம் தொடங்கிய ஆய்வுத் திட்டம் இது. லினக்ஸ், கிளஸ்டர் இரண்டையும் ஒட்டி லஸ்டர் ஆனது. இன்று உலகின் பெரிய கணினிகள் பலவற்றில் ஓடுகிறது. பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கவும் எழுதவும் பிறந்தது. பெரிய மையங்களில் மெட்டாடேட்டா சர்வர் ஒன்றுக்கு மேல் வைத்திருப்பார்கள், பில் மேசை கூடும். ஆனால் எண்ணிக்கை என்றைக்கும் தூக்குகிறவர்கள் அளவுக்கு வராது.

கணக்குப் போட்டே பாருங்கள். ஒரு கோப்பைத் திறந்து மூட 5 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் கோப்பு என்றால் 5,000 வினாடி. ஒரு பைட் தரவு படிப்பதற்கு முன்பே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. உங்கள் 20 ஜிபி ஒரே கோப்பாக இருந்தால், வினாடிக்கு 1 ஜிபி வேகத்தில் 20 வினாடி. படங்களை வைத்துப் பயிற்சி கொடுக்கும் மெஷின் லேர்னிங் ஆட்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இமேஜ்நெட்டின் பயிற்சித் தொகுப்பில் மட்டும் 12,81,167 படங்கள். அதைத் தனித்தனி ஜேபெக் கோப்பாக ஸ்கிராட்சில் பிரித்துப்போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லாவற்றையும் திறந்து மூடினால், ஜிபியூ காத்துக்கிடக்கும். அது உங்கள் நஷ்டம். அதே நேரத்தில் பக்கத்து துறையில் ஒருவர் ஃபோல்டரைத் திறக்க முடியாமல் தவிப்பார். அது யாருடைய நஷ்டம்?

வழி எளிது. ஒரு டார் கட்டாகவோ சில பெரிய கட்டுகளாகவோ வைத்திருங்கள். ஜாப் தொடங்கும்போது கட்டை அப்படியே நோடின் உள்ளூர் டிஸ்குக்கு நகலெடுத்து, அங்கே பிரித்து, அங்கிருந்தே படியுங்கள். முடிவை மறுபடி ஒரே கட்டாக்கி ஸ்கிராட்சுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கிரிப்டில் நான்கைந்து வரிதான் கூடும். எண் சார்ந்த தரவு என்றால், நிறைய எண்களை ஒரே கோப்பில் அடுக்கும் எச்டிஎஃப்5 அல்லது நெட்சிடிஎஃப் வடிவம். காலநிலை ஆய்வில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், அவர்கள் பிறக்கும்போதே நெட்சிடிஎஃப் கோப்போடு பிறந்தவர்கள்.

இன்னொன்று: லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் லாக் கோப்பைத் திறந்து, ஒரு வரி எழுதி, மூடும் நிரல்கள். ஐந்நூறு பிராசஸ்கள் சேர்ந்து ஒரே லாகில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தோம். கிளஸ்டர் முழுக்கக் கட்டளைக்குப் பதிலே வரவில்லை. எழுதியவருக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியாது, பாவம். அவருடைய லேப்டாப்பில் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது.

கோப்புப் பட்டியலுக்கு எல்எஸ் அடித்தால்கூடத் தொங்குகிறதே?

அந்த ஃபோல்டரில் எத்தனை கோப்பு? லட்சக்கணக்கில் என்றால் தொங்கும். பெயர்களை மட்டும் கேட்டால் மெட்டாடேட்டா சர்வர் சொல்லிவிடும். நீளப் பட்டியல் கேட்டால் ஒவ்வொரு கோப்பின் அளவும் வேண்டும். லஸ்டரில் வழக்கமாக அது ஸ்டோரேஜ் சர்வர்களைக் கேட்டால்தான் தெரியும். நீங்கள் நீளப் பட்டியல் கேட்காவிட்டாலும், பெயருக்கு வண்ணம் பூசுவதற்காக எல்எஸ் பின்னணியில் ஒவ்வொரு கோப்பையும் விசாரிக்கும். எல்எஸ் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு அடித்தால் வண்ணமில்லாமல் சட்டென்று வரும். எவ்வளவு இடம் பிடித்திருக்கிறோம் என்று பார்க்க டியூ ஓட்டாதீர்கள். கோட்டா கட்டளை அதே விடையை ஒரு நொடியில் தரும். ஃபோல்டர்களை ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து வைத்தால் இந்தக் கேள்வியே வராது.

ஒரு கோப்பைப் பல சர்வர்களில் பரப்பும் ஸ்ட்ரைப் என்கிறார்களே, அதை நான் தொட வேண்டுமா?

உங்கள் கோப்புகள் எல்லாம் ஒரு ஜிபிக்குக் கீழே என்றால் வேண்டாம், அடுத்த கேள்விக்குப் போங்கள்.

நூற்றுக்கணக்கான ஜிபி கோப்பு, அதைப் பல நோடுகள் ஒரே சமயத்தில் படிக்கின்றன என்றால் தொட வேண்டும். ஸ்ட்ரைப் எண்ணிக்கை 1 என்றால் முழுக் கோப்பும் ஒரே இடத்தில் கிடக்கும், அந்த ஒரு சர்வரின் வேகம்தான் உங்கள் வேகம். 8 என்றால் எட்டு இடங்களில் துண்டு துண்டாகப் பரவும். இதைக் கோப்பு பிறக்கும் முன்பே ஃபோல்டருக்கு அமைத்துவிட வேண்டும். ஏற்கெனவே உள்ள கோப்பை அந்த ஃபோல்டருக்குள் நகர்த்தினால் எதுவும் மாறாது. அதே சேமிப்புக்குள் நகர்த்துவது பெயர் மாற்றம் மட்டும்தான், தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். நகலெடுத்தால்தான் புதிய அமைப்பு வரும். 2017-இல் வந்த லஸ்டர் 2.10 முதல், கோப்பு வளர வளரத் தானாக அதிக இடங்களுக்குப் பரவும் வசதி உண்டு. உங்கள் நிர்வாகி அதைப் போட்டுவைத்திருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை.

லேப்டாப்பிலிருந்து கிளஸ்டருக்கு எதை வைத்து அனுப்புவது?

ஒன்றிரண்டு கோப்பு என்றால் விண்டோஸில் வின்எஸ்சிபி, மற்றவர்களுக்கு எஸ்சிபி. அதற்கு மேல் என்றால் ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மக்கெராஸும் 1996-இல் வெளியிட்டது. இத்தனை வருடம் கழித்தும் இதைத் தள்ளிவைக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. ஏற்கெனவே வந்துசேர்ந்ததை மறுபடி அனுப்பாது. பாதியில் நின்றால் அதே கட்டளையை மறுபடி அடித்தால் விட்ட இடத்திலிருந்து போகும். ஒற்றைப் பெரிய கோப்பின் நடுவில் நின்றதென்றால் 'பார்ஷியல்' விருப்பமும் போட்டிருக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குவார்கள். முதலாவது, மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் வரும் சாய்கோடு. சாய்கோடு இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை மட்டும் போகும். இல்லாவிட்டால் ஃபோல்டரோடு சேர்ந்து போகும். ஒருமுறை இருந்து ஒருமுறை இல்லாமல் ஓட்டினால் தரவுக்குள்ளேயே இன்னொரு தரவு என்று இரண்டு பிரதி உட்கார்ந்திருக்கும். இரண்டாவது 'டிலீட்' விருப்பம். மூலத்தில் இல்லாததை இலக்கிலிருந்து அழித்துவிடும். மாணவனாக இருந்தபோது மூலத்தையும் இலக்கையும் மாற்றிப் போட்டு, காலி ஃபோல்டரை மூலமாக்கி, ஒரு வாரத்து வேலையை நானே துடைத்தேன். அன்றிலிருந்து 'என்' விருப்பத்தோடு ஒத்திகை பார்க்காமல் 'டிலீட்' போடுவதில்லை. என்ன நடக்கும் என்று பட்டியல் காட்டும், எதையும் தொடாது. அந்தப் பட்டியலைப் படிக்கவும் வேண்டும், அது வேறு விஷயம்.

பெரிய அளவு, அதுவும் இரண்டு மையங்களுக்கிடையே என்றால் குளோபஸ் என்ற கோப்பு அனுப்பும் சேவை இருக்கிறதா என்று கேளுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தார் நடத்துவது. பிரவுசரில் இங்கிருந்து அங்கே என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டுப் போகலாம். அறுந்தால் தானே தொடரும், வந்ததைச் சரிபார்த்து, முடிந்ததும் மெயில் அனுப்பும்.

எதை வைத்து அனுப்பினாலும் லாகின் நோட் வழியாக டெராபைட் கணக்கில் தள்ளாதீர்கள். எல்லோரும் உள்ளே வரும் வாசல் அது. தரவு அனுப்புவதற்கென்று தனி நோட் பல மையங்களில் உண்டு.

ஒரு டெராபைட் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

வலையமைப்பு வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பைப் பைட்டில் சொல்வார்கள், எட்டால் வகுக்க மறக்காதீர்கள். ஒரு கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் வினாடிக்கு 125 எம்பி. ஒரு டெராபைட்டுக்கு 8,000 வினாடி, இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 100 மெகாபிட் என்றால் 22 மணி நேரம். வீட்டு இணைப்பில் மேலேற்றும் வேகம் 20 மெகாபிட் என்றால் நாலரை நாளுக்கு மேல். இதெல்லாம் இணைப்பு முழுக்க உங்களுக்கே என்றால். ஹாஸ்டல் வைஃபையில் கிரிக்கெட் மேட்ச் நாளில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

சின்னக் கோப்புப் பிரச்சினை இங்கேயும் வரும். எஸ்சிபி மாதிரிக் கருவிகள் ஒவ்வொரு கோப்புக்கும் அந்தப் பக்கத்தோடு பேசிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். போய்வர 30 மில்லிவினாடி என்றால் பத்து லட்சம் கோப்புக்குப் பேச்சு மட்டுமே எட்டு மணி நேரத்துக்கு மேல். டார் கட்டி அனுப்புங்கள். கட்டுவதற்கு லேப்டாப்பில் இடமில்லை என்றால் டாரின் வெளியீட்டை நேராக, கிளஸ்டரோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் குழாய்க்குள் விட்டு அந்தப் பக்கத்தில் பிரிக்கலாம். நடுவில் கட்டு எங்கேயும் தங்காது.

ஹார்ட் டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு போகலாமா என்று சிலர் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். 2019 ஏப்ரலில் வெளியான முதல் கருந்துளைப் படத்துக்கான தரவு அப்படித்தான் போனது. 2017 ஏப்ரலில் உலகின் பல மூலைகளில் இருந்த எட்டு தொலைநோக்கிகள் பதிந்தது சுமார் ஐந்து பெட்டாபைட்; எல்லாம் ஹார்ட் டிஸ்க்களாக அமெரிக்காவின் ஹேஸ்டாக்குக்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் விமானத்தில் போயின. தென்துருவத்து டிஸ்க்கள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும்வரை, டிசம்பர் வரை காத்திருந்தன. அப்படிக் காத்திருந்தும் லாபம்தான். ஐந்து பெட்டாபைட்டை ஒரு கிகாபிட் கம்பியில் அனுப்பினால் 460 நாளுக்கு மேல் ஆகும்.

ராத்திரி அனுப்ப விட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் அறுந்து கிடக்கிறது.

லேப்டாப் தூங்கினால் இணைப்பும் தூங்கிவிடும். கிளஸ்டர் பக்கத்தில் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனைத் திறந்து, அதற்குள் ஆர்சிங்கை ஓட்டி, அங்கிருந்து இழுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜன்னல் மூடினாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். மறுபக்கம் லேப்டாப் என்றால் இது பலிக்காது; ஆய்வகத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியைத் தேடிப் பிடியுங்கள்.

வந்தது சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

எஸ்எஸ்எச் வழியாக வந்தால் வழியில் ஒரு பிட் மாறினாலும் இணைப்பே முறியும், அதனால் அந்தப் பயம் வேண்டாம். நடைமுறையில் கோப்பு கெடுவது வேறு இடங்களில்: கோட்டா நிரம்பிப் பாதியில் நின்றது, யூஎஸ்பி டிஸ்க் சொதப்பியது, அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் யாரோ எழுதிக்கொண்டிருந்தது. ஆர்சிங்க் சாதாரணமாக அளவையும் தேதியையும் மட்டும் ஒப்பிட்டு, சமம் என்றால் தாண்டிப் போய்விடும். உள்ளே வேறாக இருந்தாலும் அதற்குத் தெரியாது.

மூலத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஷா256 செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான குறி, எடுத்து ஒரு பட்டியலாக எழுதி, கோப்புகளோடு சேர்த்து அனுப்பி, வந்த பக்கத்தில் அந்தப் பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். அந்தப் பட்டியலைத் தூக்கிப்போடாதீர்கள். மூன்று வருடம் கழித்து டிஸ்கிலிருந்து எடுக்கும்போது அதே பட்டியல் மறுபடி கைகொடுக்கும். மூலத்தை அழிப்பது இதற்கு அப்புறம்தான். அவசரத்தில் இந்த இரண்டையும் மாற்றிச் செய்தவர்களின் கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அளவாகப் பெரிய வேலை இது, லாகின் நோடில் ஓட்டாமல் ஒரு ஜாப்பாக விடுங்கள்.

சுருக்கி அனுப்பினால் வேகம் கூடுமா?

டெக்ஸ்ட், சிஎஸ்வி, லாக் என்றால் நன்றாகக் கூடும். சுருக்க இசட்எஸ்டிடி கருவியைப் பயன்படுத்துங்கள், பழைய ஜிஜிப்பைவிட வேகம். ஜேபெக், எம்பி4, மரபணு ஆட்களின் பாம் கோப்பு இதெல்லாம் ஏற்கெனவே சுருக்கியவை. மறுபடி சுருக்கினால் சிபியூதான் சூடாகும். வேகமான இணைப்பில் ஆர்சிங்கின் 'இசட்' விருப்பம் வேகத்தைக் குறைக்கவும் கூடும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், லினக்ஸ் மறுக்காது. ஆனால் சொல்லிவிடுகிறேன். கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் எல்லை. யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். 'திருச்சிராப்பள்ளி' என்ற ஒரு சொல்லுக்கே 51 பைட். கண்ணுக்கு ஒன்பது எழுத்து, உள்ளே பதினேழு குறி. நாலு சொல்லில் பெயர் வைத்தால் எல்லையை நெருங்கிவிடுவீர்கள்.

இன்னும் குறும்பானது கொம்புக்கால் எழுத்துகள். 'பொருள்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனியாகக் கால் தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக் கணினிகள் பெயரைச் சேமிக்கும்போது பிரித்தே வைக்கும். லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர். ஒருவர் ஒரே ஃபோல்டரில் இரண்டு 'பொருள்' இருப்பதைக் காட்டி, எதை அழித்தாலும் இன்னொன்று இருக்கிறது, பேய் வேலை சார் என்றார். ஆர்சிங்கில் பெயரை மாற்றிக்கொள்ள ஒரு விருப்பம் உண்டு. அதைவிட, பெயரை ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் வைத்துவிட்டு, தமிழை உள்ளே எழுதுவது நிம்மதி. தமிழ்த் தரவில் வேலை செய்யும் நானே அப்படித்தான் செய்கிறேன்.

என் கைடு பார்க்க வேண்டும், 777 போட்டுவிட்டேன். சரிதானே?

வேண்டாம். 777 என்றால் கிளஸ்டரில் கணக்கு உள்ள எல்லோரும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். பக்கத்து ஆய்வகத்தில் ஒருவர் தவறாக ஓட்டும் ஸ்கிரிப்ட் உங்கள் ஃபோல்டரையும் சேர்த்துக் கழுவிவிடும், அதில் அவர் மேல் தப்பே இருக்காது. குழுவுக்கென்று புராஜெக்ட் இடம் இருந்தால் அங்கே வைத்து, குழுவுக்கு மட்டும் படிக்கும் உரிமை கொடுங்கள். ஃபோல்டருக்கு செட்ஜிஐடி போட்டுவிட்டால் உள்ளே பிறக்கும் கோப்பெல்லாம் குழுவின் பெயரிலேயே பிறக்கும். ஒரே ஒருவருக்கு மட்டும் என்றால் ஏசிஎல் என்ற தனி அனுமதிப் பட்டியல். நோயாளிகளின் விவரம் மாதிரியான தரவு என்றால், கிளஸ்டரில் வைக்கலாமா என்பதையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட் இங்கே ஓடவில்லையே?

வரி முடிவுக் குறி வேறு. டாஸ்2யூனிக்ஸ் ஓட்டுங்கள், போதும்.

அடுத்த மாதம் படிப்பு முடிகிறது. கோப்புகளை என்ன செய்வது?

அடுத்த மாதம் என்று இப்போதே கேட்டீர்களே, அதற்கே நன்றி. பலர் கணக்கு மூடிய பிறகுதான் வேறு ஊரிலிருந்து போன் செய்வார்கள்.

முதலில் கைடுடன் உட்கார்ந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் கோப்புகளை நீங்கள் போன பிறகு குழுவில் யாராலும் மாற்ற முடியாமல் போகலாம். அதனால் வேண்டியவற்றைக் குழுவின் இடத்துக்கு நகலெடுத்து, குழுவுக்கு எழுதும் உரிமையும் கொடுத்துவிடுங்கள். மற்றதை அழியுங்கள். லட்சக்கணக்கில் அழிக்கும்போது பகலில் மொத்தமாக ஆர்எம் விடாமல், ராத்திரியில் ஒவ்வொரு ஃபோல்டராக விடுங்கள். அழிப்பதும் அதே பில் மேசையில்தான் போய் நிற்கும்.

ஒவ்வொரு கட்டோடும் ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பு இருக்கட்டும்: இது என்ன, எந்த நிரலின் எந்தப் பதிப்பில் வந்தது, எந்த ஃபோல்டர் எதற்கு, செக்சம் பட்டியல் எங்கே. பத்து வரி போதும். 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஃபைனல் புதுசு' என்று மூன்று ஃபோல்டர் இருந்தால், ஆய்வறிக்கையில் போன படங்கள் எதிலிருந்து வந்தவை என்றும் ஒரு வரி எழுதுங்கள். போன வருடம் ஒரு குழுவில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் நாலு நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில் அது 'ஃபைனல்2'.